உப்புநீர்க் கிணற்றுப் பம்புகளுக்கு வெண்கலமா, நிக்கல் கலவையா?

கடலோரத் தாலூக்காக்களில் பல கிணறுகளின் நீர் உப்புக் கரிக்கும். அத்தகைய கிணறுகளில் வைத்த பம்புகள் நல்ல நீர்க் கிணற்றுப் பம்புகளைப்போல் நெடுநாள் உழைப்பதில்லை என்பது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. கதிர் பால்பிடிக்கும் தருணத்தில் பம்பு நின்றுவிடுமாயின், பழுதுபார்க்கும் செலவைக் காட்டிலும் பயிரின் நஷ்டமே பெரிதாகும். ஆதலால் பம்பின் எந்த உறுப்பு எவ்வுலோகத்தால் ஆனது என்பதை வாங்கும்போதே விசாரித்தறிதல் அவசியம். உப்புநீரில் துருவேறும் இரும்புக்குப் பதிலாக வழங்குவன இருவகை: ஒன்று வெண்கலம், மற்றொன்று நிக்கல் கலந்த உலோகங்கள்.

வெண்கலத்தின் குணங்கள்

செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட வெண்கலப் பொருள்கள், இவ்வுலோகம் மண்ணிற் புதைந்தும் நெடுங்காலம் நிலைப்பதற்குச் சான்றாகும். பம்பு உறுப்புகளுக்கு உபயோகமாகும் வெண்கலத்தில், நூற்றுக்கு 88 பங்கு செம்பும் 10 பங்கு வெள்ளீயமும் 2 பங்கு துத்தநாகமும் கொண்டது ஒரு வகை. செம்பு 85 பங்கும், வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் ஆகியவை தலைக்கு 5 பங்கும் கொண்டது வேறொரு வகை. காரீயம் சேர்ந்த வகை கடைசலுக்கு எளிது. சுழலும் தண்டையும் எளிதில் கவ்விப் பிடிப்பதில்லை. ஆயினும், கிணற்று நீரைக் குடிக்கவும் எடுப்பதாயின், காரீயம் சேராத வகையே நன்று.

வெண்கலம் சுமார் 1000 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் உருகுவதால் சிறு வார்ப்படப் பட்டறையிலும் வார்க்கலாம். இதன் குறை யாதெனில், வலிமை மட்டானது. மணல் கலந்த நீர் வேகமாய்ப் பாயுமிடத்தில் விரைவில் அரிக்கப்படும்.

நிக்கல் கலவைகளின் குணங்கள்

நிக்கலைத் தனி உலோகமென 1751-ல் சுவீடன் தேசத்துக் கிரான்ஸ்டெட் கண்டறிந்தார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும், எஞ்சியதில் பெரும்பகுதி செம்பும் சேர்ந்த மோனல் என்னும் கலவைக்கு 1906-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இது வெண்கலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இழுவிசை தாங்கும். வேகமாய்ப் பாயும் உப்புநீரிலும் எளிதில் அரியாது. இரும்புடன் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த துருப்பிடியா எஃகு, மோனலைவிட விலை குறைந்தது, வலிமையும் உடையது.

இவற்றிற்கும் குறைகள் உண்டு. மோனல் உருகுவதற்கு 1300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டுமாதலால் சிறு பட்டறைகளில் வார்க்க இயலாது. இவ்வுலோகங்களில் ஒரேவகைத் துண்டுகள் இரண்டு தம்முள் உராய்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உப்புநீர் அசையாமல் தேங்கி நிற்குமிடத்தில் சிறு குழிகள் விழுந்து அரிப்பும் உண்டாகும்.

எவ்வுறுப்புக்கு எது

எனவே, ஒன்று மற்றொன்றினும் எவ்விடத்தும் உயர்ந்ததென்று சொல்லுதல் பொருந்தாது. முறுக்கு விசையைத் தாங்கும் சுழல் தண்டு துருப்பிடியா எஃகினாலோ மோனலினாலோ ஆனதாயிருத்தல் நன்று. அத்தண்டு சுழலும் புஷ் வெண்கலமாயிருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று தேய்ந்தே தீருமாதலால், மிருதுவான புஷ் தேய்ந்து தண்டு பிழைப்பதே சிக்கனம்; புஷ்ஷை மாற்றச் செலவு சொற்பம். நீரைத் தள்ளும் சக்கரத்திற்குச் சாதாரணமாக வெண்கலம் போதும். உப்பும் மணலும் மிகுந்த கிணறுகளுக்கு மட்டும் நிக்கல் கலவைச் சக்கரம் வாங்கலாம்.

வெண்கல உறுப்புகளை இரும்புப் போல்ட்டுகளால் இணைத்தலாகாது. இவ்விரு உலோகங்களும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்னோட்டம் உண்டாகி, சிறிய இரும்புப் போல்ட்டே முதலில் அரிந்துபோகும். பம்பை வாரக்கணக்கில் நிறுத்த நேரின், உள்ளிருக்கும் உப்புநீரை வடித்து நல்ல நீரால் கழுவி வைத்தல் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பித்தளையை வெண்கலமென்று விற்பதுண்டு. பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் கரைத்துவிட, பஞ்சுபோன்ற செம்பு மாத்திரம் எஞ்சி, உறுப்பு கையால் ஒடியும் நிலையை அடையும். மறைவான ஓரிடத்தை அரத்தால் சிறிது ராவிப் பார்த்தால், பித்தளை பளிச்சென்ற மஞ்சளாகவும், பம்புக்குரிய வெண்கலம் சற்றுச் செந்நிறமாகவும் தோன்றும். வெண்மையாயுள்ள உறுப்பை ராவியபோது உள்ளே மஞ்சள் தோன்றின், அது நிக்கல் முலாம் பூசிய பித்தளையேயன்றி நிக்கல் கலவையன்று.

நிறத்தை மட்டும் நம்பாமல், உலோகத்தின் பெயரையும் கலவை விகிதத்தையும் ரசீதில் எழுதி வாங்குதல் நலம். ஊர்ப் பொதுக்கிணற்றுக்குப் பம்பு வாங்கும் கிராம அதிகாரிகள் இதனைத் தவறாது கேட்பார்களாயின், பொதுப்பணம் வீணாகாது. கோடையில் நீரிறைப்பும் தடைப்படாது.