டிராக்டர் செய்தவரின் அதிசய கார்!

நாஞ்சில் என்றால் கலப்பை. நாஞ்சில் நாட்டில் டிராக்டரை அறியாத உழவர் உண்டா? அந்த டிராக்டர் தொழிலில் பணம் சேர்த்த ஒருவர், உலகமே வியந்த ஒரு காரையும் செய்தார்!

அவர் பெயர் பெருச்சோ லம்போர்கினி. இத்தாலி நாட்டில் 1916-ம் ஆண்டு உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்த வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் செய்தார். செல்வம் குவிந்தது. 1963-ல் கார் தொழிற்சாலை தொடங்கினார்.

முன்பாரம், பின்பாரம்

அக்காலத்துக் கார்கள் பலவற்றில் என்ஜின் முன்னால் இருக்கும். மாடு வண்டிக்கு முன்னால்தானே நிற்க வேண்டும் என்பது போட்டியாளர் பெராரியின் வாதமாம்!

லம்போர்கினியின் இளம் என்ஜினீயர்கள் துணிந்தார்கள். 12 சிலிண்டர் என்ஜினை, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால், குறுக்காக வைத்தார்கள்.

ஏன்? நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்காரரைக் கேளுங்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். பாரம் நடுவில் இருந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். காரும் அப்படித்தான். வளைவில் சட்டென்று திரும்பும்.

குறையும் உண்டு. என்ஜினின் சூடும் இரைச்சலும் முதுகுக்குப் பின்னாலேயே!

காளையின் பெயர்

காருக்கு அழகிய உடல் வரைந்தவர் காண்டினி. அப்போது அவருக்கு வயது 27. 1966-ல் ஜெனீவா கண்காட்சியில் கார் வந்து நின்றது. பெயர் "மியுரா". ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்த்த குடும்பத்தின் பெயர் அது.

1970-களின் தொடக்கத்தில் டிராக்டர் வியாபாரம் நொடித்தது. லம்போர்கினி இரண்டு தொழில்களையும் விற்றார். ஏரிக்கரையில் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். 1993-ல் மறைந்தார்.

உழவர் மகன், கடைசியில் மண்ணுக்கே திரும்பிவிட்டார்!