கண்ணுக்குப் புலனாகா நோயும் அதற்குரிய நாளும்

திருவிழாக்களாற் பெயர் பெற்றது நம் மதுரை மாநகரம். கள்ளழகர் வைகையாற்றில் எழுந்தருளும் நாளை இங்குள்ளார்க்கு எவரும் நினைவூட்ட வேண்டுவதில்லை. ஆயின் அவ்விழாவின் ஆரவாரம் அடங்கிக் கத்திரி வெயிலும் கழியும் வேளையில் வருகின்ற பிறிதொரு நாளை நம்மிற் பலர் அறியோம். மே மாதம் 30ஆம் நாளே அது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மேனாட்டாரும், தண்டுவட மரப்பு நோய் என்று தமிழரும் வழங்கும் வியாதியை உலகோர் நினைத்தற்கென ஏற்பட்ட நாள் அது. அந்நாள் எதன்பொருட்டு ஏற்பட்டது, அதனால் நமக்கு ஆவது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். மூளை, தண்டுவடம், கண்ணரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. மின்கம்பிக்கு மேலுறை எத்தகையதோ, நரம்பிழைக்கு இது அத்தகையது. நோய்க்கிருமிகளோடு பொருதற்கென்று உடலில் அமைந்த காவற்படை, முற்றும் விளங்காத காரணத்தால், இவ்வுறையையே பகையெனக் கொண்டு தாக்குகின்றது. உறை சிதைந்த இடங்களிற் தழும்பு விழ, மூளையின் கட்டளைகள் தாமதித்துச் செல்லும்; அல்லது இடையே நின்றுவிடும். தழும்பு விழும் இடத்திற்கேற்பப் பார்வை மங்கும், கால் மரக்கும், நடை தள்ளாடும், சொல்லொணா அயர்ச்சி உண்டாகும். இவை சின்னாள் தோன்றிப் பின் தணிந்து, மீண்டும் வருதல் பலரிடத்து இயல்பு. பாரிஸ் நகரத்து ஷார்கோ என்னும் வைத்தியர் 1868இல் இதனைத் தனியொரு நோயாகத் தெளிவுற வரையறுத்தார். இது தொற்றுநோயன்று.

உடற்காவல் உடலையே தாக்கும் விந்தை மதுரைக்குப் புதியதன்று. 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் விரல்களை இளமையிலேயே கோணச் செய்த முடக்குவாதமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இந்நகரத்து அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற அப்பெரியார், அவ்விரல்களாலேயே கத்தி பிடித்து ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தனர். அவர் விரல்களின் கோணலை எவரும் கண்டறிவர். தண்டுவட மரப்பு நோயோ பலகாலும் பிறர் கண்ணுக்குப் புலனாவதில்லை. இதன் பெருந்துன்பம் இங்கேதான் தொடங்குகின்றது.

ஜெர்மானியக் கண் வைத்தியர் ஊட்டாஃப் என்பார் 1890இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். உடல் வெப்பம் சிறிது மிகினும் சிதைந்த நரம்புகளின் செய்தியோட்டம் தளர்ந்து, பார்வை மங்கல் முதலிய குறிகள் கூடும். உடல் குளிர்ந்தால் தணியும். இதனை நம் ஊரோடு பொருத்திப் பார்ப்போம். 40 டிகிரி வெப்பத்தையும் தொடுகின்ற நண்பகலில், பேருந்து நிலையத்தினின்று கல்லூரிக்கு நடந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பறையை அடையுமுன் கால் சோர்ந்து அமர்கின்றாள் எனக் கொள்வோம். காலையில் நன்றாக இருந்தவள். மாலையில் மீண்டும் நன்றாக இருப்பாள். கண்டோர் அவளைச் சோம்பேறி என்பர்; நடிக்கின்றாள் என்றும் கூறுவர். நோயினும் இச்சொல் கொடிதன்றோ?

இந்நோய் பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே வெளிப்படுகின்றது. ஆடவரினும் பெண்டிரை இருமடங்கேனும் மிகுதியாகப் பற்றுகின்றது. உலகில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இதனால் வருந்துவதாக 2020இல் கணக்கிட்டனர். முற்றும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. எனினும் எம்.ஆர்.ஐ. படத்தால் தழும்புகளைக் கண்டு, காலத்தே மருந்து தொடங்கின் நோயின் தாக்குதல்களைக் குறைக்கலாம். இம்மருந்துகளுள் மூன்றினை உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இனி நாளின் வரலாறு. 1967இல் தோன்றிய சர்வதேசச் சம்மேளனத்தின் முயற்சியால், 2009ஆம் ஆண்டு மே மாதத்து இறுதிப் புதன்கிழமையன்று இந்நாள் முதன்முதல் கொண்டாடப்பெற்றது. பின்னர் மே 30 என நிலைபெற்றது. அமெரிக்க நாட்டார் மார்ச்சு மாதத்தில் ஒரு வாரத்தையும் இதற்கென ஒதுக்குவர். மறுநாளாகிய மே 31 உலகப் புகையிலை ஒழிப்பு நாள். புகை பிடித்தல் இந்நோய்க்கு இடந்தரும் காரணங்களுள் ஒன்றாதலின், இரு நாட்களும் அடுத்தடுத்து வருதல் பொருத்தமே. நம் நாட்டில் 1985இல் பம்பாயில் இந்நோயாளர்க்கெனச் சங்கம் ஒன்று தோன்றிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் இதனையும் வைத்தெண்ணியது. ஆயினும் அச்சட்டத்தின் சலுகைகள் பலவற்றைப் பெறக் குறைபாடு நூற்றுக்கு 40க்குக் குறையாதிருத்தல் வேண்டும். வந்தும் தணிந்தும் மாறும் நோயை ஒரு நாட் சோதனையால் அளத்தல் எளிதன்று.

சட்டம் அளக்க இயலாததை அயலார் உணரலாம். நாளொன்றைக் குறித்து வைத்ததன் பயன் அதுவே. மே 30 நமக்கு விடுமுறைக் காலம். ஆதலின் கல்லூரி திறந்தபின் ஒரு நாளை நாமே இதற்கென வகுத்துக்கொள்ளலாம். தரைத்தளத்தில் வகுப்பு, மின்விசிறியின் கீழ் ஓர் இருக்கை, தேர்வில் சிறிது மிகுதி நேரம்: இவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. அவற்றினும் எளியது, அயர்ந்து அமர்ந்த தோழரைச் சோம்பேறி என்னாது, அருகில் அமர்ந்து தண்ணீர் நல்குதல். அதனை இன்றே தொடங்குவோம்.