பெடலிலிருந்து கால் எடுக்கும் நொடி

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3 ஆண்டு, இதயவியலில் டி.எம். இன்னும் 3 ஆண்டு. இத்தனைக்கும் பிறகு ஓர் இதய மருத்துவர் மறுபடி மாணவராகப் போய் நிற்கிறார் என்றால், பெரும்பாலும் அது இதயத்தின் மின்சாரத்தைக் கற்பதற்காகத்தான். எலக்ட்ரோபிசியாலஜி என்னும் இந்தத் துறைக்கு அமெரிக்காவில் தனிச் சான்றுத் தேர்வே உண்டு. இதயவியலை முடித்தவர்கள் மேலும் 2 ஆண்டு பயில்கிறார்கள். அப்படி எதைத்தான் பயில்கிறார்கள்?

ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 180க்குத் தாவும். சற்று நேரத்தில் சுவிட்சை அணைத்தாற்போல நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஈ.சி.ஜி. சரியாகிவிடுவதால், 'மனப் பதற்றம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். உண்மையில் அது பதற்றமல்ல. மேலறையிலிருந்து கீழறைக்கு மின் அலையைக் கடத்தும் ஏ.வி. கணுவில் சிலருக்கு வேகமான பாதை ஒன்றும் மெதுவான பாதை ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. ஏதோ ஒரு தருணத்தில் அலை மெதுவான பாதையில் இறங்கி, வேகமான பாதையில் ஏறி, அங்கேயே சுற்றத் தொடங்கிவிடுகிறது. இந்தக் கணுவை ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆராய்ந்து 1906இல் விவரித்தவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர்.

இந்தச் சுற்றைக் கண்டறிய, தொடைச் சிரை வழியாகக் கதீட்டர்கள் எனும் மெல்லிய குழாய்கள் இதயத்துக்குள் போகின்றன. வழக்கமான ஈ.சி.ஜி. தாள் விநாடிக்கு 25 மி.மீ. ஓடும்; இங்கே திரை விநாடிக்கு 100 மி.மீ. அல்லது அதற்கும் மேல் ஓடுகிறது. மேலறையின் துடிப்புக்கும் கீழறையின் துடிப்புக்கும் நடுவே முள்போலச் சின்னதாக ஒரு கோடு எழும். அது கணுவிலிருந்து கீழறைக்கு அலையைக் கொண்டுசெல்லும் ஹிஸ் கற்றையின் அடையாளம். அந்த முள்ளிலிருந்து கீழறை விழித்துக்கொள்ள 35 முதல் 55 மில்லி விநாடி ஆகும். பயிற்சியில் சேர்ந்தவர் முதலில் பழகுவது இந்த இடைவெளிகளைப் பார்த்த மாத்திரத்தில் அளக்கத்தான். கைத்திறன் அதற்குப் பிறகு.

மெதுவான பாதையை ரேடியோ அலையால் சூடாக்கிச் செயலிழக்க வைப்பதுதான் சிகிச்சை. 50 டிகிரி செல்சியசைத் தாண்டினால் திசு மீளாது. சிக்கல் என்னவென்றால், அழிக்கவேண்டிய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்திலேயே உயிர்நாடியான கணு இருக்கிறது. ரேடியோ அலையைச் செலுத்தும் பெடலை மருத்துவர் மிதித்ததும் கணுப் பகுதியே தன்னிச்சையாகச் சில துடிப்புகளை எழுப்பும். சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்பதற்கு அது நல்ல அடையாளம். அதே துடிப்புதான் எச்சரிக்கையும். ஒவ்வொரு துடிப்பும் மேலறைக்குத் திரும்பிப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒன்றே ஒன்று போய்ச் சேராவிட்டாலும் உடனே கால் எடுக்கவேண்டும். தாமதித்தால் கணு நிரந்தரமாக அறுபடலாம். முப்பது வயதுக்காரர் ஆயுள் முழுக்கப் பேஸ்மேக்கருடன் வாழ நேரலாம். திரையின் முன் அமர்ந்த பயிற்சி மருத்துவர் 'ஆஃப்' என்று குரல் கொடுத்தால், பெடலை மிதிப்பவர் எத்தனை மூத்தவராக இருந்தாலும் அந்தக் கணமே நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்பார். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஒழுக்கம்தான்.

இந்தச் சிகிச்சை பெறுபவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. ஆனாலும் உடனே முடித்துவிட மாட்டார்கள். அரை மணி போலக் காத்திருந்து, இதயத்தை வேகப்படுத்தும் மருந்தைச் செலுத்தி, தொடக்கத்தில் தாங்களே தூண்டி வரவழைத்த அதே படபடப்பை மறுபடி வரவழைக்க முயல்வார்கள். எவ்வளவு தூண்டியும் வராவிட்டால்தான் கதீட்டர்களை வெளியே எடுப்பார்கள்.