ஓட்டமானியின் அமைப்புகளைப் படியெடுத்தல்

மின்காந்த ஓட்டமானியில், காந்தப் புலத்தின் ஊடே நீர் பாயும்போது அதன் வேகத்திற்கேற்ற மின்னழுத்தம் எழுகின்றது. குழாயோடு இணைந்த மின்னணுப் பெட்டி அதனை லிட்டர் கணக்காக மாற்றிக் காட்டும்.

பெட்டியின் நினைவகத்தில் இருவகை மதிப்புகள் உள்ளன. அளவெல்லை, அலகு முதலியன பணியாளர் தேர்ந்தவை. இவற்றைப் பழைய பெட்டியிலிருந்து புதியதற்குப் படியெடுக்கலாம். அளவுத்திருத்த எண் அத்தகையதன்று. ஒரே அளவில் செய்த குழாய்களும் சிறிது வேறுபடும். ஆதலின் ஒவ்வொரு குழாயிலும் நீர் பாய்ச்சி, வெளிவந்த நீரை நிறுத்து, அதற்குரிய எண்ணைக் கணிக்கின்றனர். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் 1987இல் நிறுவப்பெற்ற பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன.

1.000 என்றிருக்க வேண்டிய எண், வேறொரு குழாயின் பெட்டியிலிருந்து 1.020 எனப் படிந்துவிட்டால், 1,000 லிட்டர் நீரைக் கருவி 1,020 லிட்டர் என்று காட்டும். பழுது என்னும் அறிவிப்பு எதுவும் தோன்றாது. நீர்க்கட்டணமோ தவறாகக் கணக்கிடப்படும். மூக்குக்கண்ணாடியின் கூட்டைப் பிறர் அணியலாம். வில்லையின் எண் அவரவர் கண்ணுக்கே உரியது.

எனவே, படியெடுத்து முடிந்ததும் குழாயின் தகட்டில் பொறித்துள்ள எண்ணைப் பெட்டி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.