நாய்களை அறிமுகப்படுத்தல்

நாய்களை அறிமுகப்படுத்தல் என்பது ஒன்றையொன்று அறியாத இரு நாய்களை, சண்டையோ அச்சமோ நேராத வகையில் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் முறை ஆகும். உறவினர் அல்லது நண்பர் வீட்டுக்கு இளநாய் ஒன்றை அழைத்துச் செல்லும்போது, அங்கு ஏற்கனவே ஒரு நாய் இருக்குமாயின் இம்முறை பெரிதும் தேவைப்படுகின்றது. வரும் நாய்க்கு அது அறியாத இடம். வீட்டு நாய்க்கோ அது தன் உணவும் படுக்கையும் உரிமையாளரும் உள்ள இடம். எனவே இரு நாய்களும் வெவ்வேறு காரணங்களால் பதற்றம் அடையக்கூடும்.

வளர்ச்சிக் கட்டங்கள்

பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12 அல்லது 14ஆம் வாரம் வரையான காலம் சமூகவயமாதல் காலம் எனப்படுகின்றது. இக்காலத்தில் பழகும் மனிதர்களையும் பிற நாய்களையும் குட்டி எளிதில் ஏற்றுக்கொள்கின்றது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஆய்வு செய்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. இக்காலத்தில் கிடைக்கும் மோசமான அனுபவம் நாயிடம் நீண்டகால அச்சத்தை உருவாக்கலாம்.

ஆறு மாதம் அளவில் விடலைப் பருவம் தொடங்குகின்றது. வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வில், 5 மாத வயதில் பராமரிப்பவரின் "உட்கார்" என்னும் கட்டளைக்குப் பணிந்த நாய்கள் 8 மாத வயதில் குறைவாகவே பணிந்தன. இது தற்காலிகமானது. ஆகவே வீட்டில் சொல்பேச்சுக் கேட்கும் இளநாய் விருந்து சென்ற இடத்திலும் அவ்வாறே நடக்கும் என எதிர்பார்க்க இயலாது.

உடல்மொழி

முன்கால்களைத் தாழ்த்திப் பின்பகுதியை உயர்த்தி நிற்றல் விளையாட்டுக்கான அழைப்பு ஆகும். உடல் விறைத்தல், அசையாது உற்றுநோக்கல், உதட்டைத் தூக்கிப் பல் காட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். மீண்டும் மீண்டும் கொட்டாவி விடுதலும் மூக்கை நக்குதலும் பெரும்பாலும் மன அழுத்தத்தைக் குறிக்கின்றன.

வாலாட்டுதல் எப்போதும் நட்பின் அடையாளம் அன்று. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரிமையாளரைக் காணும் நாயின் வால் வலப்பக்கமாகவும், அறியாத ஆதிக்கமுள்ள நாயைக் காண்கையில் இடப்பக்கமாகவும் மிகுதியாக அசைகின்றது.

வழிமுறை

1. இரு நாய்களுக்கும் தடுப்பூசிகள் போடப்பட்டிருத்தல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய், பார்வோ நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் முதன்மையானவை.
2. புறப்படுமுன் இளநாயை நடக்க விட்டு, அதன் துடிப்பைத் தணிக்கலாம்.
3. முதல் சந்திப்பு வீட்டினுள் அன்றி, தெரு அல்லது திடல் போன்ற பொது இடத்தில் நிகழ்தல் நன்று.
4. இரு நாய்களையும் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திச் சென்று, அவை அமைதியாக இருந்தால் இடைவெளியைக் குறைக்கலாம். கயிறு தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்த கயிறு நாயின் பதற்றத்தைக் கூட்டும்.
5. சில நொடிகள் முகர விட்டபின் இரண்டையும் அழைத்து விலக்கிக்கொள்ளுதல் வேண்டும்.
6. வீட்டினுள் செல்லுமுன் உணவுத் தட்டு, எலும்பு, விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். தன் பொருளைக் காத்துக்கொள்ள முயல்வது சண்டைக்குப் பொதுவான காரணம் ஆகும்.
7. இளநாய்க்குத் தனியே ஓய்வெடுக்க இடம் தேவை. முதிய நாய்க்கும் குட்டியின் தொல்லையிலிருந்து விலகிச்செல்ல வழி இருக்க வேண்டும்.
8. மேற்பார்வையின்றி இரண்டையும் தனியே விடுதல் கூடாது.

பொதுவான தவறுகள்

"அவையே தமக்குள் தீர்த்துக்கொள்ளும்" என விட்டுவிடுவது பரவலான தவறு. நாய்கள் தலைமைக்காக எப்போதும் போராடும் என்ற கருத்து, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி ருடால்ப் ஷென்கல் 1947இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என டேவிட் மெக் 1999இல் எடுத்துக்காட்டினார்.

உறுமும் நாயைத் தண்டிப்பதும் தவறாகும். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதனை அடக்கப் பழகிய நாய் முன்னறிவிப்பின்றிக் கடிக்கக்கூடும். உறுமல் கேட்டால் இடைவெளியை அதிகரிப்பதே சரியான செயல்.

சண்டை நேர்ந்தால்

சண்டையிடும் நாய்களின் வாய்க்கு அருகே கையைக் கொண்டுசெல்லுதல் கூடாது. விலக்க முயல்வோர் கடிபடுவது இவ்வாறே. பெரும் ஒலி எழுப்புதல், நீர் ஊற்றுதல், இடையே பலகை போன்ற தடுப்பை நுழைத்தல் ஆகியவை உதவலாம். குழந்தைகளை உடனே அகற்ற வேண்டும். மனிதர் எவரேனும் கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு ஏறத்தாழ 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.