எ மான்ஸ்டர் கால்ஸ் (திரைப்படம்)

எ மான்ஸ்டர் கால்ஸ் 2016-இல் வெளிவந்த ஆங்கில மொழிக் கற்பனைத் திரைப்படம். தாயின் மரணத்தை எதிர்நோக்கும் சிறுவன் ஒருவனின் மனப்போராட்டத்தைக் குறியீடுகள் வழியே சொல்கிறது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஹுவான் அந்தோனியோ பயோனா இயக்கினார். தலைப்புக்கு ‘அரக்கன் தேடி வருகிறான்’ என்று பொருள் கொள்ளலாம்.

நாவலும் திரைக்கதையும்

கதையின் கரு ஷிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. அதை எழுதி முடிக்கும் முன்பே, 2007-இல், அவர் மார்பகப் புற்றுநோயால் காலமானார். அக்கருவைக் கொண்டு பேட்ரிக் நெஸ் எழுதிய நாவல் 2011-இல் வெளிவந்தது. படத்தின் திரைக்கதையும் நெஸ் எழுதியதே.

கதைச்சுருக்கம்

இங்கிலாந்தில் வாழும் சிறுவன் கானர் (லூயிஸ் மக்டூகல்). அவன் தாய் (ஃபெலிசிட்டி ஜோன்ஸ்) புற்றுநோயால் நாளுக்கு நாள் நலிகிறார். தந்தை பிரிந்து சென்று அமெரிக்காவில் வேறு குடும்பத்துடன் வாழ்கிறார். கண்டிப்பான பாட்டியோடு (சிகோர்னி வீவர்) கானருக்கு ஒத்துப்போவதில்லை. பள்ளியில் சக மாணவர்கள் அவனை அடிக்கிறார்கள்.

ஓர் இரவு 12.07 மணிக்கு, கல்லறைத் தோட்டத்து யூ மரம் அரக்க உருவெடுத்து அவனிடம் வருகிறது. அதற்குக் குரல் கொடுத்தவர் லியாம் நீசன். தான் மூன்று கதைகள் சொல்லப்போவதாகவும், நான்காவது கதையைக் கானர் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. அந்த நான்காவது கதை, அவன் மறைத்து வைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும்.

கதைகள் உணர்த்துபவை

முதல் கதையில் மக்கள் போற்றும் இளவரசனே கொலைகாரன். சூனியக்காரி எனப் பழிக்கப்பட்ட அரசி கொலை செய்யவில்லை. மனிதரை நல்லவர், கெட்டவர் என எளிதில் பிரிக்க முடியாது என்பது இதன் பாடம். முதல் இரண்டு கதைகளும் நீர்வண்ண ஓவியங்களாக அசைகின்றன. இரண்டாம் கதையின் ஆவேசத்தில் கானர் பாட்டியின் வரவேற்பறையை நொறுக்கிவிடுகிறான். ஆனால் யாரும் அவனைத் தண்டிப்பதில்லை. அவன் உள்ளூர எதிர்பார்ப்பதோ தண்டனையைத்தான்.

அதன் காரணம் நான்காவது கதையில் வெளிப்படுகிறது. பள்ளத்தில் விழும் தாயின் கையைத் தான் விட்டுவிடுவதாக அவனுக்கு அடிக்கடி கனவு வருகிறது. தாய் பிழைக்க வேண்டும் என்று அவன் ஏங்கினான். இந்த வேதனை முடிந்துவிட வேண்டும் என்றும் விரும்பினான். இரண்டும் உண்மை. அந்த விருப்பமே தாயைக் கொல்கிறது என்று எண்ணி அஞ்சினான். ஒருவர் நினைப்பது குற்றமன்று, செய்வதே முக்கியம் என்று மரம் அவனைத் தேற்றுகிறது.

யூ மரம்

இங்கிலாந்தில் பழைய தேவாலயக் கல்லறைகளின் அருகே யூ மரங்கள் மிகுதி. நீண்டகாலம் வாழும் இம்மரத்தின் இலையும் விதையும் நச்சுத்தன்மை கொண்டவை. ஆனால், பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. படத்தில் தாய்க்குக் கடைசியாகத் தரப்படும் மருந்தும் யூ மரத்திலிருந்து வந்ததே. அது அவரைக் காப்பாற்றவில்லை. மரம் வந்தது மகனின் மனத்தை ஆற்றுவதற்காக என்பது அப்போது புரிகிறது. மகளை இழக்கும் பாட்டியும் தாயை இழக்கும் பேரனும் ஒரே துயரத்தால் நெருங்குகிறார்கள்.

விருதுகள்

ஸ்பெயினின் கோயா விருதுகளில், சிறந்த இயக்குநருக்கான விருது உட்பட 9 விருதுகளை 2017-இல் இப்படம் பெற்றது.