வோய்ச்சியெக்கைத் தேடி

என் மாமியார் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். போலிஷ் மொழியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சில ஜெபங்களும் அவற்றைவிடச் சற்று அதிகமான வசைச்சொற்களும்தான். 2006-ல் அவருக்கு எண்பது வயது நிறைந்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு ஜெபப்புத்தகம், அவர் தந்தையின் குடியுரிமைச் சான்றிதழ், மீசை வைத்த இளைஞர் ஒருவரின் புகைப்படம். "என் தாத்தாவின் பெயர் என்னவென்று கண்டுபிடித்துத் தா. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். கணினித் துறையில் இருப்பவனுக்கு இது பத்து நிமிட வேலை என்பது அவர் எண்ணம். எனக்கு இரண்டு வருடங்கள் ஆயின.

முதல் தடங்கல் நாட்டின் பெயரிலேயே இருந்தது. 1910-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தந்தை பிறந்த நாடு ஆஸ்திரியா, 1930-ல் போலந்து. மனிதர் மாறவில்லை, பிறந்த ஊரும் நகரவில்லை. 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் போலந்தைக் கூறுபோட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை சுதந்திர போலந்து என்ற ஒரு நாடே இல்லை. "ஜாரிடமிருந்து தப்பி வந்தார்" என்று குடும்பத்தில் சொல்லிவந்த கதையும் அதனால் ஆட்டம் கண்டது. ஆஸ்திரியப் பகுதியான கலீசியாவில் ஜார் ஏது? (ஸ்பெயினிலும் ஒரு கலீசியா உண்டு. நான் ஒரு மாலைப் பொழுதை அங்கே தொலைத்தேன்.)

எந்தப் பேரரசு என்பதைப் பொறுத்து ஆவணத்தின் மொழியும் வடிவமும் மாறும். ரஷ்யாவின் வசமிருந்த போலந்து அரசுப் பகுதியில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் நெப்போலியன் காலத்து முறைப்படி நீண்ட பத்திகளாக எழுதப்பட்டன. முதலில் போலிஷில் இருந்தவை 1868 முதல் ரஷ்ய மொழிக்கு மாறின. பிரஷ்யப் பகுதியில் 1874 அக்டோபரிலிருந்து அரசே ஜெர்மன் மொழியில் பதிவு செய்யத் தொடங்கியது. கலீசியாவில் தேவாலயப் பதிவேடுகள்தான். லத்தீன் மொழியில், கட்டம் கட்டமாக. இந்த மூன்றில் எனக்கு வாய்த்தது லத்தீன். கட்டங்களுக்குள் இருபது முப்பது சொற்களே திரும்பத் திரும்ப வருவதால், ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம்.

ஆனால் பதிவேட்டைத் தேடுவதற்கு முன் ஊரின் பெயர் தெரிய வேண்டும். போலிஷ் மூதாதையரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். 'நோவா வியெஷ்' என்று ஓர் ஊர் கிடைத்தது என்று மகிழ்ந்தால், அதற்குப் பொருள் 'புதூர்'. தமிழ்நாட்டில் எத்தனை புதூர்களோ அத்தனை அங்கேயும். எந்த மாவட்டம், எந்தத் தேவாலயப் பங்கு என்பதும் வேண்டும். பழைய ஊர்களை இனம் காண, 1880 முதல் 1902 வரை வெளியான போலந்து அரசின் புவியியல் அகராதி ஒன்று இருக்கிறது. பல பாகங்கள் கொண்டது. சிற்றூர்களைக்கூட விடாமல் அவை எந்தப் பங்கைச் சேர்ந்தவை என்றும் சொல்கிறது.

ஊரின் பெயர் அமெரிக்காவிலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. 1906-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின் விண்ணப்பங்களில் பிறந்த இடம், வந்த கப்பல், வந்த நாள் எல்லாம் கேட்கப்பட்டன. மாமியாரிடம் இருந்தது வெறும் சான்றிதழ். அதற்கு முந்தைய விண்ணப்பத்தின் நகலை வரவழைத்தபோது ஊரோடு வேறொன்றும் கிடைத்தது. எல்லிஸ் தீவு அதிகாரி ஒருவர், வாயில் நுழையவில்லை என்று தங்கள் குடும்பப் பெயரைப் பாதியாக வெட்டிவிட்டார் என்று மாமியார் அதுவரை நம்பியிருந்தார். அமெரிக்காவில் பாதிக் குடும்பங்களில் இந்தக் கதை உண்டு. உண்மையில் எல்லிஸ் தீவு அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதியவர்கள் அல்லர். ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தவர்கள். 1917-ல் ராணுவப் பதிவுக்குச் சென்றபோதும் இவர் தம் முழுப் பெயரையே கையெழுத்திட்டிருக்கிறார். 1924-ல் குடியுரிமை விண்ணப்பத்தில்தான், பெயரை மாற்றித் தரும்படி அவரே நீதிமன்றத்தைக் கேட்டிருக்கிறார்.

ஏன் கேட்டார் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

முழுப் பெயர் தெரிந்தபின்னும் கப்பல் பட்டியலில் அவர் அகப்படவில்லை. 2001 முதல் எல்லிஸ் தீவு ஆவணங்களை இணையத்தில் தேட முடிகிறது. 'ஆல்பர்ட்' என்று எத்தனை விதமாகத் தேடினாலும் பயனில்லை. மாதக்கணக்கில் அலைந்தபின் ஒரு போலிஷ் நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆல்பர்ட் என்றால் வோய்ச்சியெக்." போலந்தின் காவல் புனிதர் வோய்ச்சியெக், தம் ஆசிரியரான பேராயரின் நினைவாக அடல்பெர்ட் என்ற பெயரை ஏற்றவர். ஆகவே வீட்டில் வோய்ச்சியெக், தேவாலய லத்தீனில் அடல்பெர்ட்டுஸ், அமெரிக்காவில் ஆல்பர்ட். இதேபோல ஸ்தானிஸ்வாஃப் என்றால் இங்கே ஸ்டான்லி.

வோய்ச்சியெக் உடனே கிடைத்தார். 1909, பிரேமன் துறைமுகம், வயது 21, கூலித் தொழிலாளி. கையில் பன்னிரண்டு டாலர். பிரேமனில் இருந்த அக்காலப் பட்டியல்கள் அழிந்துபோயின; அமெரிக்கா வந்து சேர்ந்த பிரதியால்தான் இவ்வளவும் தெரிகிறது. 'நாடு' என்ற கட்டத்தில் ஆஸ்திரியா, 'இனம்' என்ற கட்டத்தில் போலிஷ். 1907-க்குப் பிந்தைய பட்டியல்களில், விட்டுவந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் யார் என்றும் கேட்டிருக்கிறார்கள். அங்கே தாயின் பெயர் இருந்தது. தகப்பன் இறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இவரிடமிருந்து ஊருக்குக் கடிதமே போகவில்லையா என்று மாமியார் அடிக்கடி கேட்பார். போயிருக்கலாம். ரஷ்யப் பகுதியில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். 1890-91-ல் அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த கடிதங்களை, படிப்பவர்களுக்கும் புறப்படும் ஆசை வந்துவிடும் என்று ஜாரின் தணிக்கையாளர்கள் பறித்து வைத்துக்கொண்டார்கள். தப்பிய சிலவற்றை விதோல்த் கூலா என்ற வரலாற்றறிஞர் மற்ற இருவருடன் சேர்ந்து 1973-ல் நூலாக்கினார். "வந்துவிடு, டிக்கெட் அனுப்புகிறேன்" என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த கணவர்களை நினைத்துப் பாருங்கள். மறுபக்கத்தில், கைவிடப்பட்டதாகவே எண்ணி வாழ்ந்த மனைவிகள்.

க்ராக்கோவுக்குக் கிழக்கே உள்ள அந்தச் சிற்றூரின் பங்குப் பாதிரியாருக்கு, நண்பரின் உதவியுடன் போலிஷில் ஒரு கடிதம் எழுதி, சிறு காணிக்கையும் இணைத்தேன். (இன்றானால் முதலில் போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தளத்தையும் 'கெனெதேகா' என்ற இலவசப் பெயர்க் குறிப்பையும் பார்த்திருப்பேன். பல பங்குகளின் பக்கங்களைப் படமாகவே காணலாம்.) நான்கு மாதங்கள் கழித்து ஒரு பக்கத்தின் நகல் வந்தது. 1888 ஏப்ரல், வீட்டு எண் 47, அடல்பெர்ட்டுஸ். புனிதரின் திருநாள் ஏப்ரல் 23. பெயர் வந்த வழி புரிந்தது. அடுத்து முறையான பிறப்பு, முறைசாராப் பிறப்பு என்று இரண்டு கட்டங்கள். கோடு இரண்டாவதில் விழுந்திருந்தது. தகப்பன் பெயருக்கான இடம் காலி. தாய், பண்ணை வேலைக்காரி. அவர் சுமந்துவந்து, பின் நீதிமன்றத்தில் வெட்டிய அந்தப் பெயர் தாயினுடையது.

தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லாமல் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர முடியாத ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தக் காலிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மாவிடம் சொல்லாதே, பதிவேடு எரிந்துவிட்டது என்று சொல்லிவிடு" என்றாள் மனைவி. போலந்தில் எரிந்துபோன பதிவேடுகள் ஏராளம், அவரும் நம்பியிருப்பார். ஆனால் அவர் என்னிடம் கேட்டது ஒரு பெயர். பெயரே எழுதப்படவில்லை என்பதும் அதற்கு ஒரு பதில்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவரிடம் நகலைக் காட்டிக் கட்டம் கட்டமாகப் படித்துச் சொன்னேன். காலி இடத்தில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பெண்ணின் பெயரை இன்னொரு தடவை சொல்" என்றார். சொன்னேன். புகைப்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். கீழே ஊரின் பெயர், அதற்கும் கீழே 47.

"அந்த வீடு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பாதிரியாருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தின் கடைசியில் அதையும் சேர்த்துக் கேட்டு அனுப்பினேன்.